வலை வைத்துப் பல வருஷம் ஆச்சு, இனி எடுக்க முடியுமா?

எடுக்க முடியும். பத்து வருஷம் ஆகியிருந்தாலும் சரி, இருபது வருஷம் ஆகியிருந்தாலும் சரி, இரணியா ஆபரேஷனில் வைத்த வலையை வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் என்னிடம் இதைக் கேட்ட யாருக்கும் இந்தப் பதில் போதவில்லை. "எடுத்தால் என் வலி போகுமா?" என்பதுதான் அடுத்த நொடியே வருகிற கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் மானாம்பதி, பெருநகர் பக்கம் இரணியா என்கிற குடலிறக்கம் ஒன்றும் அபூர்வமான வியாதி இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள், பீடி இருமல்காரர்கள், மலச்சிக்கலோடு வருஷக்கணக்காக முக்குகிறவர்கள் என்று தெருவுக்கு ஒருவராவது ஆபரேஷன் ஆனவர் இருப்பார். காஞ்சிபுரத்தில் செய்திருப்பார்கள், வந்தவாசியில் செய்திருப்பார்கள், செங்கல்பட்டில் செய்திருப்பார்கள். "வலை வச்சுத் தச்சிருக்காங்க" என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். என்ன வலை, எங்கே, எந்த அடுக்கில் வைத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. இந்தத் தெரியாமைதான் பின்னால் பெரிய தொல்லையாகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த வலை என்னவென்று பார்ப்போம். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உரச் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக் இனம்தான், மருத்துவத் தரத்தில் மெல்லிய இழையாக இழுத்துப் பின்னியது. தொடையிடுக்கு இறக்கத்துக்குத் திறந்து செய்கிற ஆபரேஷனில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம், 7.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துண்டு வைப்பார்கள். ஓட்டை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பியில் இன்னும் பெரியது, 15-க்கு 10 சென்டிமீட்டர் அளவில், தசைக்கு உள்பக்கம் போகும்.

வலை வருவதற்கு முன் இழுத்துத் தைப்பதுதான் வழி. 1880களில் இத்தாலியின் பாதுவா நகரத்தில் பஸ்ஸினி என்ற மருத்துவர் வகுத்த முறை அது. நூறு வருஷம் உலகமே அவர் வழியில் தைத்தது. இழுத்துத் தைத்த இடம் இழுவை தாங்காமல் விட்டுக்கொடுத்து, இறக்கம் திரும்ப வருவது அதில் பெரிய குறை. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் அஷர் பிளாஸ்டிக் வலையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1980களில் லாஸ் ஏஞ்சலஸில் லிக்டன்ஸ்டைன், இழுக்காமல் ஓட்டையின் மேல் வலையைப் பரப்பித் தைக்கும் முறையை நிலைநாட்டினார். திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. இன்று நம் ஊர்க்காரர்களுக்குத் திறந்து செய்கிற ஆபரேஷன் பெரும்பாலும் அவர் முறைதான்.

"கொசுவலையை உள்ள வச்சுத் தைக்கறாங்களாமே" என்று ஒருவர் பயத்தோடு கேட்டார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான ஒரு கதை இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிறிய ஊரில் டாக்டர் தோங்காவ்கர், கம்பெனி வலை வாங்க வழியில்லாத ஏழைகளுக்காகக் கொசுவலைத் துணியை வெட்டி, கிருமி நீக்கி, வலையாகப் பயன்படுத்தினார். பல ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து சோதித்து 2003-இல் அதை வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களுக்கு, பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை என்று வைத்து, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இறக்கம் திரும்புவதிலும் சிக்கலிலும் இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. 2016-இல் அந்த முடிவு வந்தது. ஒரு கிராமத்து மருத்துவர் தன் நோயாளிகளின் வறுமையைப் பார்த்து யோசித்த யோசனை ஆப்பிரிக்கா வரைக்கும் போனது என்பதில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆகவே துணியின் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கிருமி நீக்கம் சரியாக நடந்ததா, சரியாக விரித்து வைத்தார்களா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

சரி, வைத்த வலை உள்ளே என்ன ஆகிறது? சில வாரங்களிலேயே அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து நுழையத் தொடங்குகிறது. சில மாதங்களில் நார்த்திசு அதைச் சுற்றி இறுகிவிடுகிறது. அப்படி இறுகத்தான் வலையை வைத்ததே. வேலிக் கம்பிவலையில் படர்ந்து பருத்துப்போன கோவைக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியை மட்டும் உருவ முடியாது, கொடியை அறுத்துத்தான் கம்பியை விடுவிக்க வேண்டும். உடம்புக்குள் அந்தக் கொடியின் இடத்தில் தசை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, விதைக்குப் போகிற ரத்தக்குழாய் இருக்கிறது, விந்துக்குழாய் இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி வலையென்றால் காலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் மூத்திரப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும். வைப்பதற்கு ஒரு மணி நேரம் எடுத்த வேலை, எடுப்பதற்குப் பல மடங்கு நேரமும் நிதானமும் கேட்கும்.

எங்கள் பெரியப்பா விவசாயி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வலது பக்கம் வலை வைத்து ஆபரேஷன் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. நடவு, அறுப்பு என்று எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தார். பிறகு மெல்ல மெல்ல ஒரு வலி. கீழே குந்தினால், வரப்பில் கால் வழுக்கினால், தொடையின் உள்பக்கம் சுருக்கென்று ஓடும். ராத்திரி தூக்கம் போனது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், வலை உள்ளே பழசாகிப்போச்சு, எடுத்தால்தான் தீரும் என்று.

"டேய் தம்பி, அந்த வலையே வேணாம்டா. புடுங்கிப் போட்டுடச் சொல்லு. செத்தாலும் பரவாயில்ல" என்றார். பெரியப்பா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அந்தப் பேச்சுதான் என்னை இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வைத்தது.

அரசு மருத்துவமனையில் அவரைப் பார்த்த அறுவை மருத்துவர் வலையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "எங்க வலிக்குதோ ஒரே ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க ஐயா" என்றார். பெரியப்பா தொட்டார். அந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சால் தடவி, குண்டூசி முனையால் தொட்டு, எங்கே மரத்திருக்கிறது, எங்கே எரிகிறது என்று பேனாவால் கோடு போட்டார். இருமச் சொன்னார். இடுப்பு மூட்டை மடக்கித் திருப்பினார். முதுகைத் தட்டினார். பிறகுதான் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தொடையிடுக்கில் மூன்று மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று தையலிலோ வலையிலோ தழும்பிலோ சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஓடும், எரியும். ஆனால் இடுப்பு மூட்டுத் தேய்மானமும் இதே இடத்தில் வலிக்கும். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் இங்கே வலிக்கும். சிறுநீரகக் கல், விரைவீக்கம், திரும்ப வந்த இறக்கம் எல்லாவற்றுக்கும் வலி காட்டுகிற இடம் இதுதான். வலையைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன் மற்றவர்களை விசாரிக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டு எடுத்தார்கள், சி.டி. எடுத்தார்கள். பாலிபுரொப்பிலீன் வலை சி.டி.யில் பளிச்சென்று தெரியாது. ஆனால் வலை சுருண்டு உருண்டையாகக் கிடந்தால், பக்கத்தில் நீரோ சீழோ கட்டியிருந்தால், இறக்கம் திரும்பியிருந்தால் ஸ்கேன் உதவும். (வலை இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். பிளாஸ்டிக் வலையைக் காந்தம் ஒன்றும் செய்யாது. லேப்ராஸ்கோப்பியில் சிலருக்கு உலோக ஆணி அடித்திருப்பார்கள், அதை மட்டும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.)

பெரியப்பாவுக்கு ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்து, நரம்பு மரத்துப்போகிற ஊசியை அந்த இடத்தில் போட்டார்கள். ஊசி போட்டு எழுந்தவர் அங்கேயே குந்திப் பார்த்தார். வலி இல்லை. சில மணி நேரம்தான் அந்தச் சுகம், ஆனால் அந்தச் சில மணி நேரம் மருத்துவருக்குப் பதிலைக் கொடுத்துவிட்டது. சிக்கல் அந்த நரம்பில். நரம்பு வலிக்கென்றே உள்ள மாத்திரை, இடைவெளி விட்டு மறுபடியும் ஊசி, கொஞ்சம் உடற்பயிற்சி. இன்றைக்கு வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தூங்குகிறார், வயலுக்குப் போகிறார். வலை உள்ளேயேதான் இருக்கிறது.

2018-இல் வந்த உலகளாவிய குடலிறக்க வழிகாட்டு நெறிகள், தொடையிடுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தொல்லை தருகிற நீடித்த வலி இருக்கும் என்கின்றன. நடக்கவும் வேலை செய்யவும் முடியாத அளவுக்கு வலிப்பது அதில் சிறு பகுதிதான். வலை வைக்காமல் இழுத்துத் தைத்த பழைய ஆபரேஷனிலும் இந்த வலி இருந்தது, இன்றும் இருக்கிறது. அதனால் "வலைதான் எமன்" என்று பேசுகிற வீடியோக்களைப் பார்த்து யாரும் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம், "எல்லாம் உங்க மனசுதான்" என்று வலிக்கிறவரைத் திருப்பி அனுப்புவதும் பெரிய தவறு. பெரியப்பாவையும் ஒரு இடத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள். அவர் அன்று திரும்பி வந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

எல்லாம் செய்து பார்த்தும் வலி நிற்கவில்லை, வலை சுருண்டு உருண்டையாகக் கிடக்கிறது என்றால் அப்போது எடுப்பதைப் பற்றிப் பேசலாம். லிக்டன்ஸ்டைனோடு வேலை பார்த்த பர்விஸ் அமீத் என்ற மருத்துவர் 1990களில் ஒரு வழியைக் காட்டினார். அந்த மூன்று நரம்புகளையும் தேடிப் பிடித்து வெட்டிவிடுவது, தேவைப்பட்டால் வலையையும் சேர்த்து எடுப்பது. பலருக்கு நிம்மதி கிடைத்திருக்கிறது. விலையும் உண்டு. தொடையின் உள்பக்கமும் விதைப்பைத் தோலும் ஆயுசுக்கும் மரத்துப்போகலாம். விதைக்குப் போகிற ரத்தக்குழாய் அடிபட்டால் அந்தப் பக்கத்து விதை சுருங்கிப் போகலாம். வலை இருந்த இடம் பலவீனமாகி இறக்கம் திரும்ப வரலாம். எல்லாம் செய்தும் சிலருக்கு வலி அப்படியே நிற்கிறது. இதை முன்னாலேயே சொல்கிற மருத்துவரை நம்புங்கள். "எடுத்துட்டா நூறு சதவீதம் சரியாகிடும்" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சீழ் விஷயம் வேறு. அங்கே என் பேச்சு முழுக்க மாறிவிடும்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு அக்கா. சிசேரியன் தழும்பு விட்டுக்கொடுத்து வயிறு பிதுங்கியதால் வலை வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவர். தழும்பு ஓரத்தில் ஒரு சின்னத் துளை. அதில் தண்ணி மாதிரி கசியும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் காயும், ஒரு மாதத்தில் மறுபடி கசியும். "அது சும்மா ஈரம்தான்ப்பா, புடவைல ஒட்டிக்கும் அவ்ளோதான்" என்று மழுப்பிக்கொண்டே இருந்தார். வலையில் கிருமி குடியேறினால் அது தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலத்தைக் கட்டிக்கொள்ளும். மாத்திரை ரத்தத்தில் போகிறது, ஆனால் அந்தப் படலத்துக்குள் போதிய அளவு போய்ச் சேராது. அதனால்தான் மூடித் திறந்து மூடித் திறந்து வருஷக்கணக்கில் ஓடும். ஆபரேஷன் ஆகிப் பல வருஷம் கழித்துக்கூட இந்தச் சீழ் தலைகாட்டலாம்.

நம் நாட்டில் இதில் இன்னொரு கிளை இருக்கிறது. காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் சில, மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக வாழ்பவை. லேப்ராஸ்கோப்பிக் கருவிகளைச் சரியாகக் கழற்றிக் கழுவாமல், ரசாயனத்தில் சிறிது நேரம் மட்டும் ஊறவைத்து எடுத்துப் பயன்படுத்துகிற இடங்களில் அவை காயத்துக்குள் போய்விடுகின்றன. வாரங்களோ மாதங்களோ கழித்துத் துளை போட்ட இடத்தில் கட்டியாகவும் கசிவாகவும் வரும். வழக்கமான சீழ்ப் பரிசோதனையில் "கிருமி எதுவும் வளரவில்லை" என்றே ரிப்போர்ட் வரலாம். வழக்கமான மாத்திரையும் கேட்காது. இந்தக் கிருமிக்கென்று தனியாகப் பரிசோதனை கேட்க வேண்டும், மாதக்கணக்கில் கூட்டு மருந்து சாப்பிட வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் கசிகிற எந்த ஆபரேஷன் காயத்துக்கும் "இந்த வகைக் கிருமிக்கும் பார்த்தீங்களா சார்?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அந்த அக்காவுக்குக் கடைசியில் வலையை எடுக்க வேண்டிவந்தது. எடுத்த பிறகு காயம் ஆறியது. ஆனால் வயிற்றுச் சுவரில் வலை அடைத்திருந்த இடைவெளி மறுபடி திறந்துகொண்டது. சீழ் இருந்த இடத்தில் உடனே புது வலை வைக்க மாட்டார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு, மாதங்கள் காத்திருந்து, இரண்டாவது ஆபரேஷனில் அதைச் சரிசெய்தார்கள். ஒரு குடும்பத்துக்கு இது என்ன பாரம் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். குடம் தூக்கக் கூடாது, அறுப்புக்குப் போகக் கூடாது, கைக்குழந்தையைக்கூட இன்னொருவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வயிற்று வலையை எடுப்பது தொடையிடுக்கு வலையை எடுப்பதைவிடக் கடினம். வயிற்றுக்கு உள்பக்கம் வைத்த வலையோடு குடல் ஒட்டியிருக்கக்கூடும். பிரிக்கும்போது குடல் ஓட்டையாகலாம். அப்படி ஆனால் குடலை வெட்டி இணைக்க வேண்டும். அபூர்வமாக வலையே குடலையோ மூத்திரப்பையையோ அரித்து உள்ளே போய்விடும். காயம் வழியாக மலமோ மூத்திரமோ வந்தால் யோசிக்க நேரமில்லை, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இறக்கம் திரும்பி வந்து, உள்ளே தள்ள முடியாமல் கல்லாகி, வாந்தியும் வயிற்று உப்புசமும் வந்து காற்றும் பிரியவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சீழ் பிடித்த எல்லா வலையையும் எடுத்தாக வேண்டுமா? இல்லை. பெரிய கண்ணுள்ள பாலிபுரொப்பிலீன் வலையைச் சில சமயம் சீழை வடித்து, சுத்தம் செய்து, சரியான மருந்து கொடுத்துக் காப்பாற்றிவிடுகிறார்கள். கண்ணே இல்லாத டெஃப்லான் வகைத் தகட்டில் சீழ் பிடித்தால் காப்பாற்றுவது அரிது, எடுத்துவிடுவதுதான் வழக்கம். இங்கேதான் "என்ன வலை" என்று முன்னால் கேட்ட கேள்வி திரும்ப வருகிறது. உங்களுக்குள் இருப்பது எந்த வலை?

ஸ்காட்லாந்தில் வலையை எடுக்கிற விவகாரம் பாராளுமன்றம் வரை போனது. அங்கே பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக வைத்த வலை, நம் இரணியா வலைக்கு உறவுதான், இடம் வேறு. வலியால் துடித்த பெண்கள் சொந்தக் காசைச் செலவழித்து அமெரிக்கா வரை போய் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செலவைத் திருப்பிக் கொடுப்பதற்கென்றே 2022-இல் ஒரு சட்டம் போட்டார்கள். "முழுசாக எடுத்தாச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்ட சில பெண்கள், உள்ளே இன்னும் வலை மிச்சம் இருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் மருத்துவப் பதிவேட்டில் எழுதியிருப்பதும் நடந்ததும் ஒன்றா என்று ஆராய, கிளாஸ்கோவைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் அலிசன் பிரிட்டன் தலைமையில் தனியாக ஒரு ஆய்வே நடந்தது. இங்கிலாந்தில் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான குழு 2020 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. பெண்கள் சொன்னதை வருஷக்கணக்கில் யாரும் காதில் வாங்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அமெரிக்காவில் பெக்டன் டிக்கின்சன் கம்பெனி, இரணியா வலை தொடர்பான சுமார் 38,000 வழக்குகளில் பெரும்பாலானவற்றைப் பேசித் தீர்க்க 2024 அக்டோபரில் ஒப்புக்கொண்டது. தனக்குள் எந்தக் கம்பெனியின் எந்த வலை இருக்கிறது என்று காட்டக் காகிதம் இருந்தால்தான் இப்படி வழக்குப் போட முடியும்.

வலையை எடுக்கும்போதும் "முழுசு", "கொஞ்சம்" என்ற வித்தியாசம் முக்கியம். காலுக்குப் போகிற ரத்தக்குழாயோடு ஒட்டிய ஒரு விரல் அகலத் துண்டை, உயிருக்கு ஆபத்து என்று சில நேரம் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அது திறமைக் குறைவு இல்லை, நல்ல முடிவு. ஆனால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு எடுத்தார்கள், எங்கே எவ்வளவு விட்டார்கள், எந்த நரம்பை வெட்டினார்கள் என்று ஆபரேஷன் குறிப்பில் இருக்க வேண்டும். எடுத்த வலையைக் கிருமிப் பரிசோதனைக்கும் சதைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்களா என்றும் கேளுங்கள்.

எங்கே போவது? வலை எடுக்கும் ஆபரேஷனுக்கு ஊர்ப்பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் காட்டி, அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். சிக்கல் பெரிதென்றால் அவர்களே சென்னைக்கு அனுப்புவார்கள். ரத்தக்குழாய், சிறுநீர்ப்பாதை, குடல், வலி மருத்துவம் என்று எல்லாப் பிரிவு மருத்துவர்களும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடமாக இருக்க வேண்டும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு உண்டு. உங்களுக்குச் சொல்லியிருக்கிற ஆபரேஷன் அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்னாலேயே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேஜையில் கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம், "வைத்த வலையை எடுக்கிற ஆபரேஷன் நீங்க எத்தனை பண்ணியிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே நாள் குறிக்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட்டைச் சில வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். புகையும் சர்க்கரையும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல கையால் தைத்தாலும் காயம் ஆறாது.

வலியும் இல்லை, சீழும் இல்லை, உள்ளே ஏதோ அந்நியப் பொருள் இருக்கிறதே என்ற பயம் மட்டும்தான் என்றால், எடுக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோடிக்கணக்கானவர்கள் அதோடு வாழ்ந்து, உழைத்து, வயசாகிப் போய்ச் சேர்கிறார்கள். இனிமேல்தான் ஆபரேஷன் செய்யப் போகிறவர்கள் வலை இல்லாமல் செய்ய முடியுமா என்று கேட்கலாம். கனடாவின் ஷோல்டைஸ் மருத்துவமனை 1945-லிருந்து அடுக்கடுக்காகத் தைக்கும் முறையைச் செய்துவருகிறது. புனேயின் டாக்டர் தேசார்தா, நோயாளியின் சொந்தத் தசை உறையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து ஓட்டையை மறைக்கும் முறையை 2001-இல் வெளியிட்டார். எல்லோருக்கும் எல்லா இறக்கத்துக்கும் இவை பொருந்தாது. செய்து பழகிய கை வேண்டும். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

இப்போது அந்தக் காகித விஷயம். பெரியப்பாவோடு அலைந்தபோது பார்த்த ஒவ்வொரு மருத்துவரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: "பழைய ஆபரேஷன் நோட் இருக்கா?" இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு மழையில் நனைந்து ஊறிப்போனது. ஆபரேஷன் செய்த இடத்தில் போய்க் கேட்டோம், அவ்வளவு பழைய பைல் இல்லை என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். 2002-ஆம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேட்டை ஒரு மருத்துவர் மூன்று வருஷம் பாதுகாத்தால் போதும். வலையோ சாகிறவரை உடம்புக்குள் இருக்கும். அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. நோயாளி தன் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதை நம்மில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

வலை வந்த பெட்டிக்குள் ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், வலையின் வகை, அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். வழக்கமாக அதை ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார்கள். அதில் ஒன்றை உங்கள் டிஸ்சார்ஜ் காகிதத்திலும் ஒட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பார்கள். வலையால் பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் புகார் செய்யவும் வழி இருக்கிறது. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே சொல்லலாம். லாட் நம்பர் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு எந்த வலையில் கோளாறு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டில் அப்பாவோ மாமாவோ அத்தையோ வலை வைத்து ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தால் அந்தக் காகிதத்தை இன்றைக்கே தேடி எடுங்கள். போட்டோ பிடித்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். காகிதம் இல்லையா? ஆபரேஷன் ஆகி இன்னும் மூன்று வருஷம் தாண்டவில்லை என்றால், நாளைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் ஸ்டிக்கர் விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.